இந்த நுரையீரல் தேறுமா?

கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி, விரலால் தட்டி, அப்புறம்தான் பையில் போடுகிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்காமல் வாங்கிய பெண்மணி உண்டா? ஒரு வேளைக் குழம்புக்கே இத்தனை பார்க்கிறோம். இறந்துபோன ஒருவருடைய நுரையீரலை எடுத்து, உயிரோடிருக்கும் இன்னொருவர் மார்புக்குள் வைக்கிறார்களே, அதை எதை வைத்து ‘நல்லது’ என்று தீர்மானிக்கிறார்கள்? என் ஓர்ப்படிக்கு அந்த நிலைமை வந்திராவிட்டால் இந்தக் கேள்வி எனக்கும் தோன்றியிருக்காது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கோயம்புத்தூரில் நாலாவது மாடியில் பிளாட். பால்கனி நிறையப் புறாக்கள். காலையில் கோலம் போடுகிற மாதிரி தினமும் அவற்றுக்குத் தானியம் இறைப்பாள், எச்சத்தை விளக்குமாற்றால் கூட்டுவாள். அந்தத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து சிலருக்கு நுரையீரலில் அழற்சி கண்டு, நாளாக ஆகத் தழும்பு விழுந்து கெட்டிப்பட்டுப் போகிறது. எல்லோருக்கும் வருவதில்லை, அந்த உடம்புவாகு இருப்பவர்களுக்கு மட்டும். இது ஏதோ அபூர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் நுரையீரல் தழும்பு வியாதிக்காரர்கள் 1084 பேரை வைத்து எடுத்த கணக்கு ஒன்று 2017-ல் வெளியாயிற்று. அதில் 47 சதவிகிதம் பேருக்கு இப்படி ஒவ்வாத தூசியாலும் பூஞ்சையாலும்தான் வந்திருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏர்கூலர் ஓடுகிறது. கூலரின் ஈரப் பாயை மாதக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் பத்திரிகையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

வியாதி முற்றி, ராத்திரி பகல் ஆக்ஸிஜன் என்றாகிவிட்டது. மாற்று நுரையீரல்தான் வழி என்று சொல்லி சென்னையில் பெயர் பதிந்தார்கள். கூப்பிட்டால் சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதால் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினாள்.

2022 ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு போன் வந்தது. “ஒரு நுரையீரல் வருகிறது. இனி தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், புறப்பட்டு வாருங்கள்.” மழையில் போனோம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கிருமிநாசினி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி பச்சை கவுன் மாட்டினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, பெரியவனுக்குப் பரீட்சை பதினாலாம் தேதி” என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. விடியற்காலை நாலரைக்கு டாக்டர் வந்தார். “அந்த நுரையீரல் தேறலைம்மா. வீட்டுக்குப் போங்க. மறுபடி கூப்பிடுவோம்.”

என் கொழுந்தன் சாது. அன்றைக்கு வராந்தாவே அதிரும்படி கத்திவிட்டார். “கிடைச்சதைப் போட்டிருக்கக் கூடாதா? இவளோடதைவிட மோசமாவா இருந்துடப் போகுது?”

நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. அடுத்த வாரம் நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண்மணி பொறுமைசாலி. ஒரு டாக்டரையும் உட்கார வைத்து, எனக்குப் புரிகிற வரைக்கும் இரண்டு பேருமாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதையும் அப்புறம் படித்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

திறந்த வாசல்

தானம் செய்பவர்கள் பெரும்பாலும் தலையில் அடிபட்டோ, மூளையில் ரத்தக் குழாய் வெடித்தோ, மூளைச் சாவு அடைந்தவர்கள். இதயம் துடித்துக்கொண்டிருக்கும், மூச்சு மட்டும் கருவி தருவது. 1994-ல் வந்த சட்டப்படி, மாற்று ஆபரேஷனில் சம்பந்தமில்லாத நாலு டாக்டர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மூளைச் சாவு. அதற்குப் பிறகுதான் வீட்டாரிடம் தானம் பற்றியே முறையாகக் கேட்கிறார்கள்.

சிறுநீரகமும் கல்லீரலும் வயிற்றுக்குள் பத்திரமாகப் பெட்டியில் வைத்த சாமான் மாதிரி. நுரையீரல் அப்படியல்ல. மூக்கிலிருந்து நேரே உள்ளே போகிற திறந்த வாசல். அடிபட்டு மயங்கி விழுந்தவர் வாந்தியெடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். விலா எலும்பு முறிந்தால் குத்தும். தொண்டையில் குழாய் போட்டுக் கருவி மூச்சு கொடுக்கிற ஒவ்வொரு நாளும் கிருமி இறங்க வழி. போதாததற்கு மூளை சாகிற அந்த நேரத்தில் உடம்பில் ரத்த அழுத்தம் ஒரே தூக்காகத் தூக்கி, நுரையீரலுக்குள் நீர் கசிந்துவிடுமாம்.

இன்னொரு சங்கடம் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சிறுநீரகம் நன்றாயிருக்க வேண்டுமானால் நிறைய சலைன் ஏற்ற வேண்டும். நுரையீரல் நன்றாயிருக்க வேண்டுமானால் உடம்பை வறட்சியாக வைத்திருக்க வேண்டும். ஒரே உடம்பு! சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்கும் நுரையீரலுக்குக் காத்திருப்பவருக்கும் நடுவில் ஐ.சி.யு. டாக்டர் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்ட பிள்ளை மாதிரி அல்லாடுகிறார்.

அதனால்தான் பல நாடுகளில் வெகுகாலமாக, மற்ற உறுப்புகளைத் தானம் தந்த ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருடைய நுரையீரல்தான் உபயோகத்துக்குத் தேறியது.

முதலில் காகிதத்தில்

ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி முதலில் சில பொருத்தங்கள். ரத்தப் பிரிவு ஒத்துவர வேண்டும். அடுத்தது உயரம். இது எனக்குப் புதுசு. நுரையீரலின் அளவு எடையைப் பொறுத்ததல்ல. உயரத்தையும், ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. ஐந்தே முக்கால் அடி ஆணின் நுரையீரல் நாலடி பதினோரு அங்குலமுள்ள என் ஓர்ப்படியின் மார்புக்கூட்டுக்குள் அடங்காது. அதிலும் தழும்பு வியாதியில் மார்புக்கூடே சுருங்கிப்போயிருக்கும். உயரம் குறைவான பெண்கள் மற்றவர்களைவிட அதிக நாள் காத்திருக்க நேர்வது இதனால்தான்.

பிறகு வயது. 55-க்குள் என்பது பழைய நியதி. இப்போது அதைத் தாண்டியவர்களுடையதையும் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். சிகரெட் பழக்கம்: தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது வருஷம், அல்லது இரண்டு பாக்கெட் வீதம் பத்து வருஷம், அதற்குக் கீழே இருந்தால் நல்லது. நம் ஊரில் க்ஷயரோகத் தழும்பு இருக்கிறதா என்பதையும் தவறாமல் பார்க்க வேண்டியிருக்கிறது.

எக்ஸ்ரே எடுப்பார்கள், முடிந்தால் ஸ்கேனும். எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு. வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நீரோ, சளியோ, ரத்தமோ. அடுத்து ப்ராங்கோஸ்கோப் என்கிற, நுனியில் விளக்கும் காமிராவும் உள்ள மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு ஒவ்வொரு கிளையாகப் பார்க்கிறார்கள். சளி இருந்தாலே கழித்துவிடுவதில்லை. உறிஞ்சி எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சுத்தமாகவே இருந்தால் சரி. உறிஞ்ச உறிஞ்ச ஆழத்திலிருந்து மறுபடி சீழ் ஊறி வந்தால் நிமோனியா என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை ஒன்று. கருவியில் சுத்தமான ஆக்ஸிஜனை மட்டும், நூற்றுக்கு நூறு, கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, மணிக்கட்டு நாடியிலிருந்து ரத்தம் எடுத்து அதில் ஆக்ஸிஜன் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். 300-க்கு மேல் இருக்க வேண்டும். 400, 450 என்றால் டாக்டர்கள் முகம் மலர்கிறது. நுரையீரலின் வேலை காற்றை வாங்கி ரத்தத்துக்குக் கொடுப்பது. அது வாங்குகிறது, கொடுக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

அன்றைக்கு வந்த நுரையீரலில் முதலில் 320 இருந்ததாம். அதனால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். ஐந்து மணி நேரத்தில் 210-க்கு இறங்கிவிட்டது. உறிஞ்ச உறிஞ்சச் சீழ்.

“அப்படியானால் எல்லாம் தெரிந்தபிறகு எங்களைக் கூப்பிடக் கூடாதா?” என்று கேட்டேன். கூடாதாம். நுரையீரலை எடுத்து ஐஸில் வைத்தபிறகு ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பக்கம் சோதனை நடக்கும்போதே இந்தப் பக்கம் நோயாளி தயாராக இருந்தால்தான் நேரம் சரியாக வரும். நாலைந்து தடவை வந்து திரும்பிப் போனவர்களும் உண்டு என்றார் அந்தப் பெண்மணி. சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போயிற்று. ராத்திரி எங்களுக்கு போன் செய்வதும், விடியலில் இல்லை என்று சொல்ல வேண்டியிருப்பதும் அவர்தானே.

கடைசியில் கைதான்

இத்தனை கருவி இருந்தும் கடைசித் தீர்ப்பு ஆபரேஷன் மேஜையில்தான். மார்பைத் திறந்ததும் சர்ஜன் இரண்டு நுரையீரலையும் கையால் தடவி அமுக்கிப் பார்க்கிறார். நல்ல நுரையீரல் பஞ்சு மாதிரி மெத்தென்றிருக்கும். நோய்ப்பட்ட இடம் ஈரலைத் தொட்டமாதிரி கெட்டியாக இருக்கும். ஸ்கேனில் அகப்படாத சின்னக் கட்டிகூட விரலில் தட்டுப்படும். பிறகு காற்றை நன்றாக ஊதி, சுருங்கிக்கிடக்கும் பகுதிகள் விரிகின்றனவா என்று பார்ப்பார். விரிந்ததும் கருவியைக் கழற்றிவிடுவார். நல்ல நுரையீரல் சட்டென்று தானே சுருங்கும். நீர் கோத்தது, புகையால் தளர்ந்தது எல்லாம் சுருங்காமல் அப்படியே உப்பிக்கொண்டு நிற்கும். தேங்காயைத் தட்டுகிற மாதிரிதான்! இதைச் சொன்னதும் டாக்டரே சிரித்துவிட்டார்.

தேறிவிட்டால், ரத்தக் குழாய் வழியே குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி உள்ளே இருக்கிற ரத்தம் முழுவதையும் கழுவி வெளியேற்றுகிறார்கள். நுரையீரல் வெளிறி வெண்மையாகிவிடும். பாதி காற்று ஊதிய நிலையில், மூச்சுக்குழாயைக் கவ்வி, பை மேல் பையாகப் போட்டு ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். காற்று இல்லாமல் சப்பையாக வைத்தால் சீக்கிரம் கெடும். இதயத்தையும் சிறுநீரகத்தையும் போல வெறுமே குளிர வைத்தால் போதாது. ஐஸின் குளிரைவிட 10 டிகிரியில் வைத்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும் என்று டொராண்டோ, வியன்னா, மாட்ரிட் டாக்டர்கள் சேர்ந்து 70 பேருக்குச் செய்து பார்த்து 2023-ல் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கொத்தமல்லி நன்றாயிருக்கிறது, ஃப்ரீஸரில் கறுத்துப்போகிறது. எனக்கு அப்படித்தான் புரிந்தது.

வெளியே எடுத்து மூச்சு விட வைப்பது

ஸ்வீடன் தேசத்தில் லுண்ட் என்று ஒரு ஊர். அங்கே ஸ்டிக் ஸ்டீன் என்ற சர்ஜனுக்கு ஒரு யோசனை. சந்தேகமான நுரையீரலை ஏன் உடனே ஒதுக்க வேண்டும்? வெளியே எடுத்து வைத்து, மூச்சு விடவைத்துப் பார்த்தால் என்ன? 2000-ல் மாரடைப்பில் இறந்த ஒருவருடைய நுரையீரலை அப்படி வெளியே வைத்துச் சோதித்து, ஒரு பெண்மணிக்குப் பொருத்தினார். 2005-ல், தேறாது என்று ஒதுக்கப்பட்ட நுரையீரலையே இந்த முறையில் சோதித்து எடுத்தார்.

கானடாவில் டொராண்டோ ஆஸ்பத்திரியில் ஷாஃப் கேஷவ்ஜீயும் மார்செலோ சைபலும் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். கண்ணாடி போன்ற மூடி போட்ட பெட்டிக்குள் நுரையீரலை வைத்து, ஒரு பக்கம் மூச்சுக் கருவியையும் இன்னொரு பக்கம் ரத்தத்துக்குப் பதில் ஒரு விசேஷத் திரவத்தையும் இணைக்கிறார்கள். திரவத்தை மெல்ல மெல்ல உடம்புச் சூட்டுக்கு, 37 டிகிரிக்குக் கொண்டுவருகிறார்கள். நாலு மணி நேரம். உடம்பே இல்லாமல், பெட்டிக்குள் நுரையீரல் மட்டும் விரிந்து விரிந்து சுருங்குகிறது! படத்தைப் பார்த்தபோது எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டது. கோத்திருக்கிற நீரை அந்தத் திரவம் இழுத்துக்கொள்கிறது. மணிக்கு மணி ஆக்ஸிஜன் அளவு பார்க்கிறார்கள். 2011-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, சந்தேகத்துக்குரியவை என்று வைத்த 23-ல் 20 தேறின. பொருத்தியபிறகு மூன்றாம் நாள் நுரையீரல் சரியாக வேலை செய்யாதது அந்த 20 பேரில் 15 சதவிகிதம். வழக்கமான முறையில் பொருத்திக்கொண்டவர்களில் 30 சதவிகிதம்.

பெட்டி இல்லாமலே செய்யக்கூடிய இன்னொரு காரியமும் இருக்கிறது. மூச்சுக் கருவி ஒவ்வொரு மூச்சுக்கும் தள்ளுகிற காற்றைக் குறைப்பது. உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடைக்கு, கிலோவுக்கு 10-12 மில்லி என்று தள்ளிக்கொண்டிருந்ததை 6-8 ஆக்கி, மூச்சின் முடிவில் நுரையீரல் முழுவதும் சுருங்கிவிடாமல் சற்று அழுத்தமும் வைத்திருந்தார்கள். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் செய்து 2010-ல் வெளியான இந்த ஆராய்ச்சியில், உபயோகத்துக்கு எடுக்க முடிந்த நுரையீரல் 27 சதவிகிதத்திலிருந்து 54 ஆக ஏறியது. பெரிய செலவொன்றும் இல்லை. கருவியின் குமிழைத் திருப்புகிற விஷயம். எனக்கு டொராண்டோ பெட்டியைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

கொழுந்தன் கேட்ட கேள்வி

“இவளோடதைவிட மோசமாவா இருந்துடப் போகுது?” அந்தக் கேள்வியை டாக்டரிடம் அப்படியே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உலகம் முழுக்க டாக்டர்களே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியாம் அது. சிகரெட் பிடித்தவருடைய நுரையீரலை ஏற்பதா என்று இங்கிலாந்தில் 1999-லிருந்து 2010 வரை நடந்த ஆபரேஷன்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 39 சதவிகிதம் அப்படிப்பட்டவர்களிடமிருந்து வந்தவை. அவற்றைப் பெற்றவர்கள் மூன்று வருஷக் கணக்கில், புகைக்காதவருடையதைப் பெற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே பிழைத்தார்கள். ஆனால் வேண்டாமென்று சொல்லிக் காத்திருந்தவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். ஆகவே கொஞ்சம் குறையுள்ளதை ஏற்பது தப்பே இல்லை. இப்போது எல்லா இடத்திலும் ஏற்கிறார்கள்.

“ஆனால் சீழ் இருக்கிறது வேறம்மா” என்றார். மாற்று உறுப்பை உடம்பு உதறித் தள்ளாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைக்கிறார்கள். அந்த உடம்புக்குள் கிருமியை வைத்துத் தைத்தால் அது தடையில்லாமல் பரவும். கெட்ட நுரையீரலோடு அவள் இன்னும் சில மாதம் இருக்க முடியும். அந்த நுரையீரலோடு மூன்று நாள் இருந்திருப்பாளா என்பது சந்தேகம்.

வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டில் இருந்த சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அமெரிக்காவில் மிஸிஸிப்பியில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி 1963-ல் முதன்முதலாகச் செய்தபோது அந்த மனிதர் 18 நாள்தான் இருந்தார். அதற்கப்புறம் இருபது வருஷம் செய்தவையெல்லாம் தோல்வி. 1983-ல் டொராண்டோவில் ஜோயல் கூப்பர் செய்ததுதான் முதல் வெற்றி. அந்த நோயாளி ஆறு வருஷத்துக்கு மேல் நடமாடினார். நம் தமிழ்நாட்டில் 2008-ல் திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகள் தானம் தரப்பட்டதைப் படித்துக் கண்ணீர் விடாத தாய் இல்லை. அந்த வருஷமே அரசாங்கத் திட்டமும் ஒழுங்குக்கு வந்தது. 2023-லிருந்து தானம் தந்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

ஒருங்கிணைப்பாளர் பெண்மணி சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். “நுரையீரல் தேறவில்லை என்று தானம் தந்த வீட்டில் சொன்னால் சில தாய்மார்கள் துடித்துப் போய்விடுகிறார்கள். ‘என் பிள்ளை பீடி சிகரெட் தொட்டதில்லையே, ஏன் வேண்டாமென்கிறீர்கள்’ என்று அழுகிறார்கள்.” பிள்ளையின் மேல் குற்றமே இல்லை, கடைசி இரண்டு நாளில் கருவியோடும் கிருமியோடும் நடந்த போராட்டத்தில் அது கெட்டிருக்கிறது. எங்களுக்கு இல்லையென்று ஆன அந்த ராத்திரியிலும் அதே மனிதரின் சிறுநீரகங்களும் கல்லீரலும் போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கின்றன. யார் வீடு, எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லாததும் நல்லதுதான்.

2023 மாசியில் மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை அவள் போகும்போதே, “திரும்பி வந்தா ரசம் வச்சுக் குடுங்க அக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். ஆக்ஸிஜன் 430. சளி இல்லை. இடது பக்கம் அடியில் சுருங்கிக்கிடந்த பகுதி ஊதியதும் விரிந்துவிட்டதாம். காலை ஆறு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு சர்ஜன் வெளியே வந்தார்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. மாற்று நுரையீரல் பெற்றவர்களில் பாதிப் பேர் ஆறு வருஷத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்பது உலகக் கணக்கு. மீதிப் பாதியையும் அதுவே சொல்கிறது. அவளுக்கும் தெரியும். மாத்திரைகள் மணி தவறக்கூடாது. கொதித்து ஆறிய தண்ணீர். பச்சைக் காய்கறி இல்லை, தெருவோரச் சட்னி இல்லை. பிளாட்டின் பால்கனிக்கு வலை அடித்தாயிற்று. கல்யாணம் கார்த்திகை என்றால் முகமூடி போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, பந்தியில் உட்காராமல் வந்துவிடுகிறாள்.

தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஒரு சின்னக் கருவியில் முழு மூச்சையும் ஊதி, வருகிற எண்ணை டைரியில் எழுதுகிறாள். போன வாரம் 1.9 லிட்டர். பத்து சதவிகிதம் இறங்கினால் உடனே போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மூன்று தடவை செய்திருக்கிறோம். இரண்டு தடவை வெறும் ஜலதோஷம். ஒரு தடவை நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள்.